விவாத மேசையா, வானிலைத் திரையா? காலநிலைச் செய்தியை டிவியில் எங்கே வைப்பது

ஒவ்வொரு அக்டோபரிலும் தமிழ்ச் செய்தி சேனல்களில் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கூட்டம் நடக்கும். வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. நேரலை அனுப்பும் ஓபி வேன் எந்த ஊருக்கு, நாகப்பட்டினத்தில் யார் நிற்பது, வேளச்சேரிக்கு யார் போவது, ரெயின்கோட் எத்தனை வாங்குவது என்று செய்தி சேகரிப்பைப் பார்க்கும் இன்புட் டெஸ்க் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும். மழை கொட்டி ஓய்ந்த அன்று இரவு, "இதற்குக் காரணம் காலநிலை மாற்றமா?" என்று நெறியாளர் யாரிடமாவது கேட்கத்தான் போகிறார். அதற்குச் சேனல் என்ன சொல்லப் போகிறது, யார் வாயால் சொல்லப் போகிறது?

பதில் தயாராக இல்லாததால் இரண்டில் ஒன்று நடக்கிறது. "பருவநிலை மாற்றத்தின் கோரத் தாண்டவம்" என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு இடைவேளைக்குப் போய்விடுகிறார்கள். இல்லாவிட்டால் நான்கு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கத்த விடுகிறார்கள். முதலாவதில் தைரியம் இருக்கிறது, ஆதாரம் இல்லை. இரண்டாவதில் நடுநிலை மாதிரி ஏதோ இருக்கிறது, பார்ப்பவருக்கு மிஞ்சுவது தலைவலி.

யோசித்து முடிவெடுக்க நினைக்கும் ஒரு செய்தி ஆசிரியருக்கு முன்னால் நான்கு வழிகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரவு விவாத மேடையிலேயே இதைப் பேசுவது. பேரிடர் செய்தியோடு அறிவியலையும் சேர்த்துச் சொல்வது. தினசரி வானிலைத் துண்டைக் காலநிலைத் துண்டாக வளர்ப்பது. தனியாக ஒரு வாராந்திர நிகழ்ச்சி தொடங்குவது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் இரண்டாவதன் ஒழுங்கு இல்லாமல் மூன்றாவது நிற்காது. முதலாவதைத் தூக்கிப்போடவும் முடியாது, வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

விவாத மேடை

இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்டுக் கற்றுக்கொண்டது பிபிசி. 2011-லேயே மரபியல் அறிஞர் ஸ்டீவ் ஜோன்ஸ், பிபிசியின் அறிவியல் செய்திகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். அறிஞர்கள் பெருமளவு ஒத்துப்போகும் விஷயங்களில்கூட எதிர்த்தரப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பது நடுநிலை ஆகாது என்பது அதன் சாரம். ஆனாலும் பழக்கம் விடவில்லை. 2017 ஆகஸ்டில் ரேடியோ 4-இன் காலைச் செய்தி நிகழ்ச்சிக்குப் பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன் வந்தார். கடந்த பத்து ஆண்டுகளில் உலகச் சராசரி வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்று சொன்னார். உண்மையில் 2014, 2015, 2016 என்று வரிசையாக மூன்று ஆண்டுகளும் வெப்பச் சாதனையை முறியடித்திருந்தன. பேட்டி எடுத்தவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2018 ஏப்ரலில் இதை விதிமீறல் என்றது. எந்த விதி என்பதைக் கவனிக்க வேண்டும். நடுநிலை விதியை அல்ல, துல்லிய விதியை மீறியதாகத் தீர்ப்பு வந்தது. லாசனைக் கூப்பிட்டது குற்றமாகவில்லை. அவர் சொன்ன தப்பான எண்ணைத் திருத்தாமல் விட்டதுதான் குற்றமானது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிபிசி தன் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. போன சனிக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று ஜெயித்ததை மறுக்க ஒருவரைக் கூப்பிடுவீர்களா, நடுவர் விசில் ஊதியாகிவிட்டது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. ஆனால் என்ன செய்யலாம், எவ்வளவு வேகமாகச் செய்யலாம், யார் செலவு செய்வது என்பதிலெல்லாம் மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுக்கச் சொன்னதும் அதே குறிப்புதான்.

இந்தக் கதையை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினால் பொருந்தாது. தமிழ் விவாத மேசையில் காலநிலை மாற்றமே பொய் என்று சொல்ல ஒருவர் வந்து உட்காருவது அபூர்வம். மனிதச் செயல்கள் வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருப்பது ஐயத்துக்கு இடமில்லாதது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் எழுதிவிட்டது. அதை இங்கே எந்தக் கட்சியும் எதிர்ப்பதில்லை. மறுப்பு இருக்கிறது என்றால் அது வாட்ஸ்அப்பில் இருக்கிறது, அதுவும் "எங்க தாத்தா காலத்துலயே இதைவிடப் பெரிய வெள்ளம்" என்ற அளவில்தான்.

நம் மேசையின் நோய் வேறு. இங்கே காலநிலை மாற்றம் ஒரு சாக்காகப் பயன்படுகிறது. ஆளும் தரப்புப் பேச்சாளர், எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, "சார், இது இயற்கைப் பேரிடர், உலகமே திணறுது, அமெரிக்காவிலேயே வெள்ளம் வரலையா?" என்பார். எதிர்த்தரப்பு, "மழை எப்பவும் பெய்யுறதுதான், வடிகால் போடாததுதான் பிரச்சினை" என்பார். ஒருவர் முழுப் பழியையும் வானத்தின் மேல் போடுகிறார், இன்னொருவர் வானத்தில் எதுவுமே மாறவில்லை என்கிறார். இரண்டுமே பாதி உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழு உண்மை ஆகிவிடும் என்று நெறியாளர் நம்புகிறார். ஆகாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது அந்த வாரம் முழுக்கத் திரையில் ஓடியது மழைநீர் வடிகாலுக்கான 4,000 கோடி என்ன ஆனது என்ற கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தென்மாவட்டங்களில் கொட்டியது. டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆண்டு முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதைவிட இது அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. அப்போது விவாதம் என்னவாக இருந்தது? வானிலை மையம் ஒழுங்காக எச்சரித்ததா இல்லையா என்று மாநில அரசும் ஒன்றிய அரசும் மோதிக்கொண்டன, மேசையும் அதையே பின்தொடர்ந்தது. இவ்வளவு மழை எங்கிருந்து வந்தது, கணினி மாதிரிகள் ஏன் இந்த அளவை முன்கூட்டிக் காட்டுவதில்லை, இனி இப்படி வருமா என்பதற்கெல்லாம் யாரும் உட்கார்ந்து பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஆகவே விவாத மேசையிடம் அறிவியலைக் கொடுக்கக் கூடாது. நிஜமாகவே இரண்டு பக்கம் உள்ள விஷயங்களைக் கொடுக்கலாம். பரந்தூரில் விமான நிலையம் வேண்டுமா, அங்கே இருக்கிற ஏரிகளை என்ன செய்வது? எண்ணூரில் இன்னும் அனல்மின் நிலையம் வேண்டுமா? ஒரு இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன், ஒரு அமெரிக்கர் வெளியிடுவது சுமார் 14 டன். அப்படியிருக்க யார் முதலில் குறைப்பது? இதிலெல்லாம் நான்கு பேருக்கு நான்கு நியாயம் இருக்கிறது. கத்தினாலும் பிரயோஜனமாகக் கத்துவார்கள்.

பேரிடர் செய்தியில் அறிவியல்

இரண்டாவது வழிதான் கஷ்டமானது, அதனால்தான் இதில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வெள்ளத்துக்கோ வெப்ப அலைக்கோ புவி சூடானது எவ்வளவு காரணம் என்று கணக்கிடும் ஆய்வு முறை கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. வேலை நடக்கும் விதம் புரியாததல்ல. இன்றைய உலகம் தொழில்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட சுமார் 1.3 டிகிரி சூடாக இருக்கிறது. இந்த உலகத்தில் இப்படி ஒரு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று பழைய பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் வைத்துப் பார்ப்பார்கள். அந்த 1.3 டிகிரி இல்லாத உலகத்தில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கும் என்று மறுபடி பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. உலக வானிலைக் காரணவியல் குழு என்று சொல்லத்தக்க வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன் இதை ஒன்றிரண்டு வாரத்தில் செய்து வெளியிடுகிறது.

தமிழ்ச் சேனல்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு, அது நம் ஊரைப் பற்றியது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்போது பாரீஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்ததால், சென்னை வெள்ளம் உலகம் முழுக்கப் புவி வெப்பமாதலின் முகமாகவே காட்டப்பட்டது. பிறகு நெதர்லாந்து, பிரிட்டன் ஆய்வாளர்களும் டெல்லி ஐஐடி ஆய்வாளரும் சேர்ந்து அந்த மழையை ஆராய்ந்தார்கள். அந்த மழையில் காலநிலை மாற்றத்தின் கை இருந்ததாக அவர்களால் காட்ட முடியவில்லை. வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் எதிர்பார்த்த அளவு சூடாகவில்லை; காற்றில் கலந்த மாசுத் துகள்கள் வெயிலை மறைத்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். இன்னொரு பக்கம், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதைப் பற்றி எழுதிய அரசுக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

இதை எந்தச் சேனலாவது உரக்கச் சொன்னதா? "இதில் காலநிலை மாற்றத்தின் பங்கு தெரியவில்லை" என்று ஓர் ஆய்வு சொன்னால் அதையும் முதல் செய்தியில் சொல்கிற சேனலைத்தான், "ஆமாம், இந்த முறை இருக்கிறது" என்று சொல்லும்போது நம்புவார்கள். நியாயமும் நம்பிக்கையும் சேர்ந்து வருவது இந்த இடத்தில்தான்.

"இருக்கிறது" என்று சொன்ன ஆய்வுகளுக்கும் குறைவில்லை. 2022 மார்ச், ஏப்ரலில் வட இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலை, புவி சூடானதால் சுமார் 30 மடங்கு அதிக வாய்ப்புள்ளதாக ஆனது என்று கணக்கிட்டார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை அழிந்தபோது பெய்த மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. அதிலேயே, சிறிய மலைப்பகுதி என்பதால் மாதிரிகளின் கணிப்பில் நிச்சயமின்மை அதிகம் என்றும் எழுதியிருந்தார்கள். காடு குறைந்ததும் குவாரிகளும் அறிக்கையில் இருந்தன. செய்தியில் போனது எது? "10 சதவீதம்" மட்டும்தான். நிச்சயமின்மை திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் அடங்காது என்பது வாதம். அடங்கும், "சுமார்" என்ற ஒரு சொல்லுக்கும் "மலைப்பகுதி என்பதால் துல்லியம் குறைவு" என்ற ஒரு வரிக்கும் இடம் இல்லாமலா போய்விடும்?

சிக்கல், ஆய்வு வர இரண்டு வாரம் ஆகும், நெறியாளருக்கு இன்றிரவே பதில் வேண்டும் என்பது. ஆகவே முதல் நாளுக்கான வாசகம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். செய்தியை ஒளிபரப்புக்குத் தயார்செய்யும் அவுட்புட் டெஸ்க்கில் ஒட்டிவைக்கிற மாதிரி ஒரே ஒரு பக்கம். கனமழைக்கு இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால் கனமழை இன்னும் கனமாகும் போக்கு உலகின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. இந்த மழையில் அதன் பங்கு எவ்வளவு என்பதைத் தனி ஆய்வுதான் சொல்ல வேண்டும். நகரில் தண்ணீர் தேங்கியதற்கு வடிகால், ஏரி, சதுப்புநிலத்தின் நிலையும் காரணம்." நாற்பது விநாடிகூட ஆகாது. கடைசி வரியை வெட்டக் கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததை 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தோம் என்பது வெள்ளச் செய்தியின் ஒரு பாகம்.

எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கவும் கூடாது. வெப்ப அலைக்கு மிக உறுதியாகச் சொல்லலாம். கனமழைக்கு ஓரளவு உறுதியாக. புயலுக்கு இன்னும் ஜாக்கிரதையாக: அரபிக் கடலில் புயல்கள் கூடியிருக்கின்றன, வங்கக் கடலில் எண்ணிக்கை கூடியதாகப் பதிவு இல்லை, ஆனால் வருகிற புயல் கொண்டுவரும் மழை கூடும் என்பதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. நிலச்சரிவு, வறட்சி என்றால் மனிதன் நிலத்துக்குச் செய்ததையும் சேர்த்தே பேச வேண்டும்.

அந்த ஒரு பக்கத்தில் தடை செய்ய வேண்டிய சொற்களும் இருக்கட்டும். "வரலாறு காணாத மழை" என்று வருடா வருடம் போடுகிறோம். எந்த நிலையத்தில், எந்த ஆண்டுக்குப் பிறகு என்று சொல்ல முடியாவிட்டால் போடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அளவுக்குப் பெய்யாத மழைக்கு "மேகவெடிப்பு" கிடையாது. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறை கணக்கில் அதி கனமழை, ஏழு செ.மீ.க்கு அந்தப் பெயரைச் சூட்டினால் 95 செ.மீ. வரும் நாளில் சொல்ல வார்த்தை இருக்காது.

வானிலைத் துண்டு

ரமணன் டிவியில் வந்தால் நாளைக்கு லீவா என்று பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. மீம்ஸ் போட்டார்கள், கிண்டல் செய்தார்கள், ஆனால் நம்பினார்கள். இப்போது தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானின் பதிவுகளுக்குக் காத்திருக்கிறார்கள். விவாத மேசையில் யார் வந்தாலும் "இவர் எந்தக் கட்சி ஆள்?" என்று கேட்கும் அதே வீடு, வானிலை சொல்பவரிடம் அதைக் கேட்பதில்லை. இந்த நம்பிக்கையை விலைக்கு வாங்க முடியாது. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது, நாம்தான் ஒன்றரை நிமிடத்தில் மேகப் படத்தைக் காட்டிவிட்டு வீணடிக்கிறோம்.

பிரான்சின் அரசுத் தொலைக்காட்சி 2023 மார்ச்சில் தன் வானிலை அறிக்கையையே மாற்றியது. பெயரே "வானிலை-காலநிலைச் செய்தி" ஆனது. நேரத்தைச் சற்றுக் கூட்டினார்கள். தொழில்புரட்சிக்கு முந்தைய காலத்திலிருந்து பூமி எத்தனை டிகிரி சூடாகியிருக்கிறது என்று காட்டும் எண்ணியைத் திரையில் வைத்தார்கள். பார்வையாளர் அனுப்பும் கேள்விக்கு ஓர் அறிவியலாளர் பதில் சொல்கிறார். ஜெர்மனியில் இன்னும் சுவாரசியமான சண்டை. தினமும் இரவு எட்டு மணிச் செய்திக்கு முன் பங்குச் சந்தைக்கு நேரம் இருக்கிறதே, காலநிலைக்கு ஏன் இல்லை என்று 2020-இல் ஒரு மக்கள் இயக்கம் கேட்டது. தனியார் சேனலான ஆர்டிஎல் அடுத்த ஆண்டு அப்படி ஒன்றைத் தொடங்கியது. நமக்கும் இது பொருந்தும்: சவரன் விலை ஏறியதா இறங்கியதா என்று எந்தச் சேனலும் ஒருநாள்கூடச் சொல்லாமல் விட்டதில்லை.

அமெரிக்க அனுபவம் இன்னும் பயன்படும், ஏனென்றால் அங்கே இது அரசியல் சண்டை. தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஜிம் காண்டி என்ற வானிலையாளர் 2010-இல், காலநிலைத் தகவல்களைத் தொகுத்துத் தரும் கிளைமேட் சென்ட்ரல் அமைப்பின் உதவியோடு, தன் வானிலை நேரத்தில் சின்னச் சின்னக் காலநிலைத் துண்டுகளைச் சேர்த்தார். பழமைவாத ஓட்டு அதிகம் உள்ள மாநிலம் அது. ஆரம்பத் துண்டுகளில் ஒன்று என்ன தெரியுமா? அந்த ஊரில் தோட்டத்துக்குப் போனால் தொட்டதும் அரித்துத் தடிக்க வைக்கும் ஒரு கொடி உண்டு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட அந்தக் கொடி செழித்து, அரிப்பும் கூடும் என்பது. துருவக் கரடி இல்லை, பனிமலை இல்லை, கொல்லைப்புறத்துக் கொடி. அந்தச் சேனலைப் பார்த்தவர்கள் மற்ற சேனல் பார்த்தவர்களைவிடக் காலநிலையைப் பற்றி நன்றாகப் புரிந்துகொண்டிருந்ததாக ஆய்வில் தெரிந்தது. திட்டம் நாடு முழுக்கப் பரவியது.

மறுபக்கமும் உண்டு. அயோவா மாநிலத்தில் கிறிஸ் க்ளோனிங்கர் என்ற வானிலையாளர் இதே மாதிரிப் பேசியதற்காக மிரட்டல் மின்னஞ்சல்களைச் சந்தித்து, 2023-இல் வேலையை விட்டார். இங்கே அந்த அளவு வெறுப்பு இல்லை. ஆனால் திரையில் நிற்கும் பெண் செய்தியாளருக்குக் கமெண்டில் என்ன வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த வேலையைக் கொடுக்கும் நிர்வாகம் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும்.

தமிழில் இது எப்படி இருக்கும்? நமக்குச் சரக்கு நிறைய இருக்கிறது. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறோம். அதோடு பத்தாண்டுகளில் ஜூன் 12 அன்று அணை திறக்க முடிந்த வருடங்களைக் காட்டினால் டெல்டாவில் ஒவ்வொரு வீடும் நின்று பார்க்கும். இரவு வெப்பநிலையைப் போடலாம். பகல் வெயிலைவிடத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். மீனவருக்குக் கடல் மேற்பரப்புச் சூடு. சென்னையில் 1790-களில் தொடங்கிய வானிலைப் பதிவு இருக்கிறது, நுங்கம்பாக்கம் வளாகத்தில் பழைய ஆய்வகத்தின் கிரானைட் தூண்கூட நிற்கிறது. அவ்வளவு பழைய கணக்கு வைத்திருக்கும் ஊர்கள் ஆசியாவில் குறைவு.

ஒரு தொழில்நுட்ப விஷயத்தில் மட்டும் கவனம். "இயல்பைவிட 1 டிகிரி அதிகம்" என்று சொல்லும்போது அந்த இயல்பு பொதுவாகச் சமீபத்திய முப்பது ஆண்டுச் சராசரி. அந்தச் சராசரியே ஏறிவிட்டது. ஆகவே இன்றைய இயல்பு என்பது தாத்தா காலத்து இயல்பு அல்ல. மாதத்துக்கு ஒருமுறையாவது பழைய அடிப்படையோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெயில் கூடியதே தெரியாது.

வெயில் செய்தியின் காட்சிகளையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். மே மாதம் வந்தால் தர்பூசணி, நுங்கு, இளநீர், கிணற்றில் குதிக்கும் சிறுவர்கள், "கத்திரி தொடங்கியது" என்று ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கொண்டாட்டம் மாதிரி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. தார்ச்சாலை போடுபவர், செங்கல் சூளையில் நிற்பவர், தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடு இருப்பவர், இவர்கள்தான் காட்சி. கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட நாலரை டிகிரி கூடினால்தான் அதிகாரபூர்வமாக வெப்ப அலை. அதற்குக் கீழேயும் சென்னைப் புழுக்கத்தில் ஆட்கள் மயங்கி விழுவார்கள். அதைச் சொல்வதற்கு அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வானிலைத் துண்டு அமைச்சரைக் கேள்வி கேட்காது. வடிகால் ஒப்பந்ததாரரைத் தேடிப் போகாது. இதை மட்டும் செய்தால் எல்லாமே வானத்தின் வேலை என்று நாமே சாக்குக் கொடுத்தவர்களாகிவிடுவோம். அதனால்தான் முதல் நாள் வாசகத்தின் அந்தக் கடைசி வரியும், நகராட்சிச் செய்திகளைப் பார்க்கும் நிருபரும் கூடவே வேண்டும்.

வாராந்திர நிகழ்ச்சி

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஞாயிறு காலை ஏழரை மணி, மறு ஒளிபரப்பு நள்ளிரவு. நல்ல நோக்கத்தோடு தொடங்குவார்கள், விருது வாங்குவார்கள், ஸ்பான்சர் போனதும் நிறுத்துவார்கள். ஏற்கெனவே அக்கறை உள்ளவர்தான் பார்ப்பார். அதைவிட மோசம், அந்த நிகழ்ச்சி இருப்பதாலேயே மற்ற டெஸ்க்குகள் "அதை அவங்க பாத்துப்பாங்க" என்று கைகழுவிவிடும்.

தனி இடம் வேலை செய்வது கேட்பவரும் பேசுபவரும் ஒரே ஊரில் இருக்கும்போதுதான். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி அப்படிப்பட்டது. மீனவர்களே மீனவர்களுக்காக 2016-லிருந்து நடத்துகிறார்கள். காற்று, அலை, மீன்பாடு, பவளப்பாறை, கடல் சூடாவது எல்லாம் அவர்கள் பேச்சில் ஒன்றாகவே வரும், ஏனென்றால் வலை போடுபவருக்கு அவை தனித்தனி விஷயங்கள் இல்லை. சேட்டிலைட் சேனல் இதைக் காப்பி அடிக்க முடியாது. ஆனால் ராமேஸ்வரம் கடலைப் பற்றி பைட் (சிறு பேட்டித் துண்டு) வேண்டும் என்றால் முதலில் யாருக்கு போன் போடலாம் என்பது தெரியும்.

சரி, யார் எதை எடுப்பது?

பெரிய சேனல் என்றால் மூன்றாவதை இந்த ஆண்டே தொடங்கலாம். செலவு பெரும்பாலும் ஒரு ஆளின் சம்பளம்தான்: வானிலை அறிவியலோ புள்ளியியலோ படித்த ஒருவர், ஸ்க்ரோல் போகும் முன் எண்ணைப் பார்த்து "இது தப்பு, எடுங்க" என்று சொல்லும் அதிகாரத்தோடு. அந்த அதிகாரம் இல்லாமல் ஆளை மட்டும் எடுத்தால் அவர் ஆறு மாதத்தில் வேறு வேலை தேடுவார். கேமராவுக்கு முன் யார் நிற்கிறார்கள் என்பது அப்புறம்.

நடுத்தரச் சேனலுக்கு அந்தச் சம்பளம் கனம் என்றால், அந்த ஒரு பக்க வாசகத்தோடு தொடங்கட்டும். ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், வானிலைத் துறையில் ஓய்வு பெற்றவர்கள் என்று மழை இல்லாத நாளில் ஐந்து பேரிடம் பேசி எண்களை வாங்கி வையுங்கள். மழை நாளில் புதிதாகப் போன் போட்டால் அவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் உங்களுக்கு முன் எட்டு சேனல் கேட்டிருக்கும். வானிலைத் துண்டில் வாரத்துக்கு ஒருநாள், ஒரே ஒரு ஒப்பீட்டு அட்டை. அது போதும்.

மாவட்டச் சேனலும் யூடியூப் சேனலும் நடத்துபவர்களுக்கு நான் சொல்வது வேறு. உங்களிடம் அறிவியலாளர் இல்லை, ஆனால் ஏரியின் கலுங்கு எங்கே இருக்கிறது, வாய்க்காலை யார் அடைத்தார்கள் என்பது எந்த சென்னை நிருபரைவிடவும் உங்களுக்குத் தெரியும். மழை அளவை வருவாய்த் துறையிடமிருந்தோ வானிலைத் துறைப் பட்டியலிலிருந்தோ எடுத்துத் தினமும் அப்படியே போடுங்கள், காலநிலை மாற்றம் என்ற சொல்லையே தொடாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து வருடத்தில் உங்கள் காணொளிகள்தான் அந்த ஊருக்கான ஆவணம், ஆய்வாளர்கள் அதைத் தேடி வருவார்கள்.

விவாத மேசையை நிறுத்தச் சொல்லி எந்த நிர்வாகமும் கேட்காது, டிஆர்பி அங்கேதான் இருக்கிறது. நெறியாளரிடம் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: மேசையில் ஒரு தப்பான எண் விழுந்தால், பேச்சாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அதே நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறையான பிசிஆர் காதில் சொல்லும் சரியான எண்ணைத் திரும்பச் சொல்வது. லாசன் பேட்டியில் பிபிசி கோட்டைவிட்டது அவ்வளவுதான்.

வாராந்திர நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் தானாகவே வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. சிமென்ட் கம்பெனி வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் விளம்பரப் பிரிவோடு முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.